நிலத்தின் பொறையும் உழவனின் கடமையும்

ஆசிரியப் பணி அறப்பணி என்பது நாம் பலகாலும் கேட்டும் சொல்லியும் வருவது. நம் குடும்பங்களில் அப்பணியை மேற்கொண்டோரும் பலர். ஆயினும் ஒரு வினாவை நாம் எழுப்பிப் பார்ப்பதில்லை. ஓர் ஆசிரியர் தம் பணியில் மனம் ஒன்றி நிற்பது அவர் ஒருவருடைய ஒழுக்கத்தை மட்டும் பொறுத்ததா? அன்றி, அவரைச் சூழ்ந்து நிற்போருக்கும் அதில் கடமை உண்டா?

உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் இவ்வினா கூர்மை பெறுகிறது. பொதுத்தேர்வுகளின் சுமை இறங்குவது அங்கேதான். பிள்ளைகள் சிறு பருவம் கடந்து, சொல்வதை மறுத்துப் பேசும் வயதை எட்டுவதும் அங்கேதான். பாடம் நடத்துதலோடு பதிவேடுகள், விடைத்தாள்கள், புள்ளிவிவரங்கள், தேர்தல் பணி எனப் பல வேலைகள் வந்து சேர்கின்றன. தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் விளக்கம் கூற வேண்டியவரும் ஆசிரியரே.

பவணந்தி முனிவர் தம் நன்னூலில் நல்லாசிரியரை நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகிய நான்கினோடு ஒப்பிட்டார். நிலம் என்றதும் நாம் பொறுமையையே நினைக்கிறோம். ஆனால் முனிவர் நிலத்துக்குக் கூறிய இயல்புகளுள் பொறுமையும் ஒன்று. உரிய காலத்தில் உழைத்த அளவுக்கு விளைதல் மற்றொன்று. அங்கே குறிக்கப்படுவது மாணவனின் முயற்சியே எனினும், உழவறிந்த நமக்கு அவ்வுவமை மேலும் ஒன்றை உணர்த்துகிறது. நீரும் எருவும் இடாது விட்டு, விளையவில்லையே என்று நிலத்தை நோவது அறிவுடைமை ஆகாது. அந்நூல்தானும் சீயகங்கன் என்னும் அரசன் வேண்டி ஆதரித்தமையால் எழுந்ததன்றோ?

இக்கால ஆய்வும் இதனையே காட்டுகிறது. பின்லாந்து நாட்டில் 2,038 ஆசிரியர்களிடம் நடத்தப்பெற்று 2006-இல் வெளிவந்த ஆய்வு, இரு வழிகளைப் பிரித்துக் காட்டியது. பணிச்சுமை மிகும்போது உள்ளம் சோர்ந்து, உடல்நலமும் குன்றுகிறது. மேலிருப்போரின் ஆதரவு, வேண்டிய தகவல், தம் பணியில் தாமே முடிவெடுக்கும் உரிமை, இணக்கமான சூழல் ஆகியவை வாய்க்கும்போது ஊக்கமும் ஈடுபாடும் வளர்கின்றன. அந்நாட்டிலேயே 805 ஆசிரியர்களைக் கொண்டு 2007-இல் வந்த மற்றோர் ஆய்வு, மாணவர்களின் ஒழுங்கின்மை மிகுந்த இடத்தில்தான் இத்துணைகள் பெரிதும் பயன் தருகின்றன என்று கண்டது.

பிறர் துணையை எதிர்பாராது கடமையைச் செய்வதே உயர்வு என்பார் உளர். உண்மையே. ஆனால் நோன்பு என்பது ஒருவர் தாமே விரும்பி ஏற்பது. தாம் உண்ணாதிருத்தல் தவம். பிறரைப் பட்டினி கிடக்கச் செய்தல் இம்சை. அவ்வாறே, தன்னலம் கருதாது உழைப்பேன் என்று ஆசிரியர் சொல்லலாம். அவர்பொருட்டு அதனை நாம் சொல்லுதல் தகாது. தொண்டு என்று புகழ்ந்துகொண்டே ஒருவருடைய ஓய்வையும் உடல்நலத்தையும் வாங்கிக்கொள்வது, கொடாததைக் கொள்வதற்கு வெகு அண்மையில் நிற்கிறது. கள்ளாமை பொருளுக்கு மட்டும் உரிய விரதமா என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

துணை செய்வதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. புதிதாக வந்த ஆசிரியர் தலையிலேயே கடினமான வகுப்பைச் சுமத்தாமை, குறை கண்டால் மாணவர் முன் கடியாது தனியே அழைத்துக் கூறுதல், ஒருவர் நோயுற்ற நாளில் அவருடைய பாடவேளையை முகம் கோணாது ஏற்றல் ஆகியவை தலைமையாசிரியரும் உடன் பணிபுரிவோரும் செய்யத்தக்கவை. பெற்றோராகிய நமக்கும் பங்குண்டு. மதிப்பெண் குறைந்தால் பள்ளிக்கு விரைகிறோம். விளங்காதிருந்த கணக்கொன்றைப் பிள்ளை தானே போட்டு மகிழ்ந்த நாளில், அதைக் கற்பித்தவரிடம் ஒரு நல்ல சொல் சொல்ல நமக்குத் தோன்றுவதில்லை. பிள்ளைகளின் காது கேட்க ஆசிரியரை இகழ்ந்து பேசுவதையேனும் நாம் விட்டொழிக்கலாம்.

எல்லாத் துணையும் கிடைத்தும் கடமை தவறுவோர் இல்லாமல் இல்லை. அவர்களைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. எனினும், நம் பங்கைச் செலுத்திய பின்னரே அவ்வாறு கேட்கும் தகுதி நமக்கு வருகிறது. உழுது நீர் பாய்ச்சியவனே விளைச்சலைப் பற்றிப் பேசத்தக்கவன்.