காத்திருக்க முடிந்தவர்களின் கடமை

இருமலோடு வரும் குழந்தையின் சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். ஒரு வயது தாண்டிய குழந்தை என்றால் 40, அதற்குக் கீழே 50. எண்ணிக்கை அதைத் தொட்டாலோ தாண்டினாலோ நிமோனியா என்று வைத்துக்கொண்டு அமாக்ஸிசிலின் கொடுக்கலாம். எக்ஸ்ரேயும் லேபும் இல்லாத ஊர்களுக்காக உலக சுகாதார நிறுவனம் வகுத்த எளிய வழி இது. எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய வழியும்கூட.

சிக்கல் என்னவென்றால், இப்படி மருந்து வாங்கிப்போகும் குழந்தைகளில் பலருக்கு வந்திருப்பது வைரஸ். வைரஸை அமாக்ஸிசிலின் ஒன்றும் செய்யாது. யாருக்கு பாக்டீரியா, யாருக்கு வைரஸ் என்று மூச்சை எண்ணிச் சொல்ல முடியாது. கராச்சியின் ஏழைக் குடியிருப்புகளில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். வேக மூச்சு தவிர வேறு ஆபத்து அறிகுறி இல்லாத சுமார் 4,000 குழந்தைகள். பாதிப் பேருக்கு அமாக்ஸிசிலின், மீதிப் பேருக்கு வெறும் போலி மருந்து. 2020-ல் முடிவு வெளிவந்தது. போலி மருந்து வாங்கியவர்களில் 4.9 சதவீதம் பேருக்கு சிகிச்சை பலிக்கவில்லை, அமாக்ஸிசிலின் வாங்கியவர்களில் 2.6 சதவீதம் பேருக்கு. கணக்குப் போட்டால், 44 குழந்தைகளுக்குக் கொடுத்தால் ஒரு குழந்தைக்குப் பலன்.

மீதி 43 பேருக்கு என்ன ஆகிறது? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் அவர்கள் மூக்கில் ஏதோ நடக்கிறது. நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ், நோய் இல்லாத குழந்தைகளின் மூக்கிலும் தொண்டையிலும் சாதாரணமாகக் குடியிருக்கும் கிருமி. மருந்து உள்ளே போனதும் பலவீனமானவை சாகின்றன, தாக்குப்பிடிப்பவை மிஞ்சுகின்றன. மிஞ்சியவை தம்பிக்கும் தங்கைக்கும் பக்கத்து வீட்டுக்கும் போகின்றன. என்றைக்கோ ஒருநாள், நாம் பார்த்தேயிராத ஒரு குழந்தைக்கு அமாக்ஸிசிலின் வேலை செய்யாமல் போகிறது.

இப்போது கேள்வி: கண்ணெதிரே இருக்கும் ஒரு குழந்தைக்காக, முகம் தெரியாத இன்னொரு குழந்தையின் மருந்தைச் செலவழிக்கலாமா?

1945-ல் நோபல் உரையில் அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் ஒரு கற்பனைக் கதை சொன்னார். ஒருவருக்குத் தொண்டை வலி. தானே பெனிசிலின் வாங்கி, போதாத அளவில் சாப்பிடுகிறார். கிருமி சாகவில்லை, மருந்தைச் சமாளிக்கப் பழகிவிடுகிறது. அது மனைவிக்குத் தொற்றி நிமோனியா ஆகிறது. பெனிசிலின் பலிக்காமல் அவர் இறந்துபோகிறார். அந்தச் சாவுக்கு யார் பொறுப்பு? அலட்சியமாக இருந்த கணவர்தான் என்று முடித்தார் ஃபிளெமிங்.

கதை கச்சிதமாக இருக்கிறது. அதுதான் அதன் பிரச்சினையும். குற்றவாளி ஒருத்தர், பலி ஒருத்தர், இருவரும் ஒரே வீடு. நிஜத்தில் கராச்சியின் அந்தத் தாய் அலட்சியக்காரி இல்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருப்பாள். ராத்திரி மூச்சு வாங்கினால் எங்கே போவது என்று அவளுக்குத் தெரியாது. அவளிடம் போய், "வருங்காலச் சந்ததிக்காக ரெண்டு நாள் பொறுத்துப் பாரும்மா" என்று சொல்வது அறமா? தியாகம் செய்ய நாம் எப்போதும் ஏழையைத்தான் முதலில் கூப்பிடுகிறோம். கோழிகள் சீக்கிரம் எடை போடுவதற்காகத் தீவனத்தில் கலக்கப்பட்ட கொலிஸ்டின், மனிதர்களுக்கான கடைசிக்கட்ட மருந்துகளில் ஒன்று. இந்தியா அதைப் பண்ணைகளில் தடை செய்தது 2019-ல்தான். 44-ல் ஒன்று என்பதை வீண்செலவு என்றால், அதற்கு என்ன பெயர் வைப்பது?

அப்படியானால் யாருக்குமே கடமை இல்லையா? இருக்கிறது. அதே கணக்கைச் சென்னையில், மருத்துவமனைக்குப் பத்து நிமிடத் தொலைவில் இருக்கும் ஒரு ஃபிளாட்டில் வைத்துப் பாருங்கள். குழந்தைக்கு மூக்கொழுகல், லேசான ஜுரம். மூச்சு சீராக இருக்கிறது. "ரெண்டு நாள் பார்க்கலாம்" என்கிறார் டாக்டர். "எதுக்கும் ஒரு ஆன்டிபயாட்டிக் எழுதிக் குடுத்துடுங்க டாக்டர், திங்கட்கிழமை ஸ்கூல் இருக்கு" என்கிறோம். இந்த "எதுக்கும்" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கராச்சித் தாய் கேட்பது உயிருக்கான உத்தரவாதம். நாம் கேட்பது நிம்மதிக்கான உத்தரவாதம். இரண்டும் ஒரே பாட்டிலில் இருந்துதான் வருகிறது.

காத்திருக்க முடிவது ஒரு வசதி. ராத்திரி மோசமானால் ஆட்டோ பிடிக்க முடியும், டாக்டருக்கு ஃபோன் போட முடியும், ஆக்ஸிஜன் இருக்கிறது என்ற தெம்பு. அந்தச் சொத்து உள்ளவர்கள்தான் காத்திருக்கக் கடமைப்பட்டவர்கள். டாக்டர் பொறுக்கச் சொல்லும் இடத்தில் பொறுப்பதும், கொடுத்த மருந்தைச் சொன்னபடி முடிப்பதும் அதில் அடங்கும்.

இன்னொன்றும் உண்டு. சில தர்மசங்கடங்கள் சிந்தித்துத் தீர்வதில்லை, ஏற்பாடு செய்துதான் தீர்கின்றன. 1977-ல் பெனிசிலினுக்கு அடங்காத நியூமோகாக்கஸ் குழந்தைகளைத் தாக்கியதாகச் செய்தி வந்தது தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து. அதே நாடு 2009-ல் எல்லாக் குழந்தைகளுக்கும் நியூமோகாக்கல் தடுப்பூசி போடத் தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள், இரண்டு வயதுக்குட்பட்டவர்களிடம் பெனிசிலினுக்கு அடங்காத தீவிரத் தொற்று எண்பது சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. அந்த ஊசிக்கு, கண்முன் இருக்கும் குழந்தையா முகம் தெரியாத குழந்தையா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை. போட்டுக்கொண்ட குழந்தையையும் காத்தது, போடாத பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் கிருமி போகாமல் தடுத்தது.

இந்தியாவில் அந்தத் தடுப்பூசி 2017-ல் சில மாநிலங்களில் தொடங்கி, 2021-ல் நாடு முழுக்க இலவசத் திட்டத்தில் சேர்ந்தது. கண்டுபிடித்த மருந்து வந்துசேர ஏன் இவ்வளவு காலம் ஆனது என்பதும் ஒரு அறக்கேள்விதான். அதை அந்தத் தாயிடம் கேட்க முடியாது.