பையும் பழியும்

சென்ற மாதம் ஒரு கவிதைத் தொகுதி பற்றிய கூட்டம் முடிந்து வெளியே வந்தோம். நண்பர் ஒருவர் எதிர்க் கடையில் இட்லி மாவு வாங்கினார். கடைப் பையன் மாவுப் பாக்கெட்டை ஒரு கேரி பேக்கில் போட்டு நீட்டினான். நண்பர் சூடு பட்டவர் மாதிரிக் கையை இழுத்துக்கொண்டார். தோளில் தொங்கிய மஞ்சள் பையைத் திறந்து காட்டி, ‘இதுல போடுப்பா’ என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, ‘நம்மால முடிஞ்சது’ என்றார். நல்ல மனிதர். ஆனால் அந்த மாவு இருந்ததே பிளாஸ்டிக் பாக்கெட்டில்தான். அவர் ஒதுக்கிய பையைவிடக் கனமான பிளாஸ்டிக். அங்கே நின்ற ஐந்தாறு எழுத்தாளர்களில் ஒருவருக்கும், என்னையும் சேர்த்து, அந்த நிமிஷத்தில் இது உறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் தோன்றியது. பிளாஸ்டிக்கின் மேல் நமக்குப் பெரிய விரோதம் ஒன்றும் இல்லை. பேனா, மூக்குக் கண்ணாடி, பால் பாக்கெட் எல்லாம் அதுதான். விரோதம் பையின் மேல். அந்தக் கை இழுப்பில் சுற்றுச்சூழல் பிரக்ஞை எவ்வளவு, நம் வீட்டுப் பெரியவர்களிடமிருந்து வந்த தீட்டு உணர்வு எவ்வளவு என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். விடை சுலபமாக இல்லை.

பையின் மேலுள்ள பழியைக் கணக்காகப் போட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டிஷ் அரசின் சுற்றுச்சூழல் துறை 2011-ல் ஒரு ஆய்வை வெளியிட்டது. கடையில் இலவசமாகத் தரும் மெல்லிய பிளாஸ்டிக் பை ஏறக்குறைய 8 கிராம். அதை ஒரே தடவை உபயோகித்து எறிந்தால்கூட, பூமியைச் சூடாக்கும் வாயுக்களின் கணக்கில் அதோடு சமமாவதற்கு ஒரு காகிதப் பையை 3 தடவையும் பருத்திப் பையை 131 தடவையும் உபயோகிக்க வேண்டும். 2018-ல் டென்மார்க் அரசின் ஆய்வு இன்னும் தூரம் போயிற்று. எல்லா வகைக் கேடுகளையும் எடுத்துக்கொண்டு, எதில் பருத்தி மிக மோசமோ அதைக் கணக்கு வைத்தால் 7,100 தடவை. தினம் கடைக்குப் போகிறவருக்கு 19 வருஷத்துக்கு மேல். பூமி சூடாவதை மட்டும் பார்த்தால் அதே ஆய்வில் அந்த எண் 52 ஆகச் சுருங்கிவிடுகிறது. பை வியாபாரிகள் 7,100-ஐச் சொல்கிறார்கள். எதிர்க் கட்சிக்காரர்கள் இரண்டையும் சொல்வதில்லை.

இதைப் படித்துவிட்டு என் வீட்டுப் பரணில் ஏறிப் பார்த்தேன். கல்யாண வீடுகளில் தேங்காய் வெற்றிலையோடு கொடுத்த தாம்பூலத் துணிப் பைகள் மட்டும் 37 இருந்தன. ஒவ்வொன்றிலும் மணமக்கள் பெயர், முகூர்த்த தேதி, மண்டபத்தின் பெயர். அடுத்தவர் கல்யாணத்தை விளம்பரப்படுத்திக்கொண்டு கறிகாய் வாங்கப் போக யாருக்கும் மனம் வருவதில்லை. எல்லாம் ஒரே தடவை, மண்டபத்திலிருந்து வீடு வரை, தேங்காய் சுமந்தவை. அவற்றில் இரண்டு ஜோடி இப்போது சேர்ந்து இல்லை. பைகள் கஞ்சி மொடமொடப்புக் குலையாமல் இருக்கின்றன. வாரம் ஒரு தடவை என்று வைத்தால், பிரிட்டிஷ் கணக்குப்படி ஒரு பையின் கடனை அடைக்க எனக்கு இரண்டரை வருஷம். 37 பைக்கு என் ஆயுள் போதாது. துணி என்றதும் நமக்குக் காந்தி ஞாபகம் வருகிறார். நொய்யல் ஞாபகம் வருவதில்லை. திருப்பூரின் சாயக் கழிவு அந்த ஆற்றில் இறங்கி, பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் விஷமாகத் தேங்கி, விவசாயிகள் வருஷக்கணக்கில் வழக்காடி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. மஞ்சள் பைக்கும் சாயம் வேண்டும்.

இந்த மஞ்சள் பையின் சரித்திரமே ஒரு தனி வேடிக்கை. நம் சினிமாவில் பட்டணத்துக்கு வந்து ஏமாறப்போகிறவனின் அடையாளம் அது. எழும்பூரில் இறங்குகிறவன் கையில் மஞ்சள் பை இருந்தால் தியேட்டர் முன்கூட்டியே சிரித்தது. அந்தச் சிரிப்புக்குப் பயந்து அதை விட்டோம். 2021 டிசம்பரில் அரசாங்கமே ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று திட்டம் போட்டு அதைத் திருப்பிக் கொடுத்தது. இடையில் பை மாறவில்லை. அசட்டுத்தனத்தின் சின்னம் தர்மத்தின் சின்னமாயிற்று, அவ்வளவுதான். பிளாஸ்டிக் பை இதற்கு நேர் எதிரான வழியில் போயிற்று. அதை வடிவமைத்த ஸ்வீடன் நாட்டு இன்ஜினியர் ஸ்டென் குஸ்தாஃப் தூலின் 1965-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். காகிதப் பைக்காக மரம் வெட்டுவது குறையும் என்பது அவர் எண்ணம் என்றும், அப்பா எப்போதும் ஒரு பையை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருப்பார், திரும்பத் திரும்ப அதையே உபயோகிப்பார் என்றும் அவர் மகன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். எங்கள் அம்மாவும் இதைத்தான் செய்தாள். ஜவுளிக் கடைப் பைகளைக் கழுவி, கொடியில் கிளிப் மாட்டி உலர்த்தி, நான்காக மடித்து மெத்தைக்கு அடியில் வைப்பாள். அந்தப் பை அவளிடம் எந்தப் பாவமும் செய்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் மேலே சொன்ன இரண்டு கணக்கிலும் ஒரு முக்கியமான பத்தி காலியாக இருக்கிறது. உபயோகித்த பை தெருவிலோ சாக்கடையிலோ கடலிலோ விழுந்தால் என்ன ஆகும் என்பதை அவை கணக்கில் ஏற்றவில்லை. குப்பை ஒழுங்காகக் குப்பைக்குப் போய்ச் சேரும் தேசங்களின் கணக்கு அது. பையைச் செய்வதில் உள்ள குற்றத்திலிருந்து அவை அதை ஓரளவு விடுதலை செய்கின்றன. அது சாகாமல் கிடப்பதைப் பற்றி வாய் திறக்கவில்லை. கரியமில வாயுவைக் கிலோவில் நிறுக்கலாம். ஒரு கடலாமை ஜெல்லி மீன் என்று நினைத்து மிதக்கும் பையை விழுங்குவதை எந்தத் தராசில் எந்தத் தட்டில் வைப்பது? இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக்க முடியும் என்று நம்புகிறவரோடு எனக்குப் பேச்சு இல்லை.

சரி, அப்படியென்றால் பழி நியாயம்தானே என்பீர்கள். அங்கேயும் எனக்கு ஒரு சந்தேகம். 2005 ஜூலை 26 அன்று பம்பாயில் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து ஊர் மூழ்கியது. சாக்கடையை அடைத்ததாகப் பிளாஸ்டிக் பை குற்றவாளிக் கூண்டில் ஏறியது. மகாராஷ்டிர அரசு அதைத் தடை செய்தது. பை அடைத்தது பொய் இல்லை. 1988, 1998 வெள்ளங்களில் இதே காட்சியைக் கண்ட பங்களாதேஷ் 2002-லேயே, உலகத்தில் முதல் தேசமாக, மெல்லிய பைகளைத் தடை செய்திருந்தது. ஆனால் பம்பாயின் மித்தி நதியைக் கரை தூர்த்து, வளைத்து, விமான ஓடுபாதையின் அடியில் நுழையவைத்து, சதுப்பு நிலத்தின் மேல் அலுவலகக் கோபுரங்களை எழுப்பியது பை இல்லை. சென்னையில் பள்ளிக்கரணையைத் தின்றதும் பை இல்லை. கோபுரத்தைக் கைது செய்ய முடியாது. பையைப் பிடிக்கலாம், கடைக்காரருக்கு அபராதம் போடலாம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1-ல் தடை வந்தபோது பால், தயிர், எண்ணெய், மருந்து உறைகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். அவசியம்தான். சோதனைக்கு அகப்பட்டவர்கள் பூக்காரி, கையேந்தி பவன்காரர், கட்டட வேலைக்காரர்களுக்குக் கவரில் டீ கட்டிக் கொடுக்கும் கடைக்காரர். அந்த மேஸ்திரி பத்துப் பேருக்கு டீ வாங்கிப்போகத் தூக்குவாளி கொண்டு வரலாமே என்று எழுதுவது சுலபம். நானும் ஒரு காலத்தில் எழுதியிருக்கிறேன்.

இதில் சட்டத்தின் தர்க்கம் சுவாரசியமானது. 1999-ல் பை 20 மைக்ரானாவது இருக்கவேண்டும் என்றார்கள், 2011-ல் 40, 2016-ல் 50, 2021-ல் 75, 2022 டிசம்பர் 31 முதல் 120. கெட்ட பொருளை ஏன் மேலும் மேலும் தடிமனாக்க வேண்டும்? குப்பை பொறுக்குகிறவருக்குக் கூலி எடையில். ஊதினால் பறக்கும் பை நூறுக்கு மேல் பொறுக்கினாலும் ஒரு கிலோ தேறுமா என்பது சந்தேகம்; அதிலும் ஈரம், சாம்பார். ஆகவே அவர் அதைத் தொடுவதில்லை. பையைக் கனமாக்கினால் விலை வரும், விலை வந்தால் குனிந்து எடுக்க ஒரு கை வரும். மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர் வாசுதேவன், சூடான ஜல்லியின் மேல் இந்தப் பைத் துணுக்குகளை உருக்கிப் பூசி, பிறகு தார் கலந்து ரோடு போடும் முறையைக் கண்டுபிடித்தார். 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆனால் ரோட்டுக்குப் போவதற்கும் யாராவது முதலில் குனிய வேண்டும்.

பிளாஸ்டிக்குக்கு ‘நெகிழி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வளை நெகிழ்ந்ததும் நெஞ்சு நெகிழ்ந்ததும் சொன்ன வேர்ச்சொல். எதற்கும் இளகாமல் கிடக்கும் ஒரு வஸ்துவுக்கு அது போய்ச் சேர்ந்ததில் எனக்கு வருத்தம் உண்டு. நிற்க.

நான் சொல்ல வந்தது வேறு. மூன்று வருஷம் முன்பு அப்பா திதியன்று சாதம் நிறைய மீந்துவிட்டது. மாட்டுக்கு வைக்கலாம் என்றாள் மனைவி. இலையில் கொண்டுபோய் வைத்திருக்கலாம். கையெல்லாம் சாம்பார் ஆகும், தெருவெல்லாம் சிந்தும், ஈ மொய்க்கும் என்று ஒரு கவரில் கொட்டி, சிந்தாமல் இருக்க இரண்டு முடிச்சுப் போட்டுத் தெருமுனைத் தொட்டி ஓரமாக வைத்துவிட்டு வந்து கால் கழுவினேன். மறுநாள் காலை மாடியிலிருந்து பார்த்தேன். ஒரு பசு முடிச்சை முகர்ந்தது. நாக்கால் புரட்டியது. கொம்பு இருக்கிறது, வாய் இருக்கிறது. முடிச்சை அவிழ்க்கத்தான் ஒன்றும் இல்லை. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, முழுப் பையையும் உள்ளே இழுத்துக்கொண்டது. நான் மேலேயிருந்து ‘ஏய்’ என்று கத்தினேன். அது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மாடு பிரித்துத் தின்னாது; உள்ளே போனது முதல் இரைப்பையிலேயே தங்கிவிடும். சில மாடுகளின் வயிற்றைக் கீறி 30 கிலோவுக்கு மேல்கூட டாக்டர்கள் எடுத்திருக்கிறார்கள்.

அந்தப் பை வெறும் பையாகக் கிடந்திருந்தால் மாடு அதைத் தொட்டிருக்காது. உள்ளே என் அப்பாவுக்குப் படைத்த சாதம் இருந்ததால்தான் தொட்டது. இரண்டு முடிச்சும் நான் போட்டவை, சுத்தத்துக்காகப் போட்டவை. அழுக்கு என் கையை விட்டுப் போனால் போதும் என்று பட்டது. நண்பர் கையை இழுத்துக்கொண்டபோது அவருக்குப் பட்டதும் அதுவாக இருக்குமோ என்றுதான் இத்தனை நேரம் சுற்றிச் சுற்றி வருகிறேன். பையை விரும்பியதும் அதனால், இப்போது வெறுப்பதும் அதனால் என்றால், கையில் மஞ்சள் பை வந்துவிட்டதில் மாட்டுக்கு என்ன லாபம் என்று எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் நண்பர் வீட்டுக்கு வந்தார். இதைச் சொன்னேன். கணக்குகளைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. ‘அந்த மாடு என்ன ஆச்சு?’ என்றார்.

தெரியவில்லை. இரண்டு நாள் அதே முனையில் நின்றது. பிறகு காணோம். மாட்டுக்காரர் வேறு தெருவில் ஓட்டி விடுகிறாரா என்று விசாரிக்க நினைத்தேன், விசாரிக்கவில்லை.