திருத்துதலும் வளர்த்தலும்

இலக்கிய ஏடொன்றிலே கிறிக்கெற் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் கற்பிப்போர் அனைவரையும் எதிர்கொள்ளும் அறப் பிரச்சினையொன்று வகுப்பறையைக் காட்டிலும் மைதானத்திலேயே தெளிவாகப் புலப்படுகின்றது. ஒரு சிறுவனின் உடல் தானாகவே கண்டறிந்த வழியை மாற்றுவதற்கான உரிமை பயிற்றுநருக்கு எங்கிருந்து கிடைக்கின்றது?

காலியை அடுத்த இரத்கமக் கடற்கரையில் ரெனிஸ் பந்து கொண்டு ஆடிப் பழகியவர் லசித் மாலிங்க. தலைக்கு மேலே நிமிராது பக்கவாட்டிற் சுழன்று வரும் அவரது கை எந்தப் பயிற்சி நூலுக்கும் ஒவ்வாதது. அதனை நிமிர்த்த முயன்றோரும் இருந்தனர். இலங்கை அணியின் முன்னாள் வேகப்பந்து வீச்சாளரான சம்பக்க ராமநாயக்கவோ இயல்பான வீச்சையே பேணுமாறு அறிவுறுத்தினார். 2007ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியிலே தென்னாபிரிக்காவுக்கு எதிராக அடுத்தடுத்த 4 பந்துகளில் 4 விக்கெற்றுகளை வீழ்த்தியது அந்தக் கைதான்.

அப்படியாயின் தொடாமல் விடுவதே நல்லாசிரியரின் இலக்கணமாகுமா? அவ்வாறு கூறவும் இயலாது. கண்டியிலே புனித அந்தோனியார் கல்லூரியிற் பயின்ற முத்தையா முரளிதரன் முதலில் மிதவேகமாகப் பந்து வீசியவர். அவர் ஏறக்குறைய 14 வயதினராயிருந்தபோது, சுழற்பந்துக்கு மாறுமாறு பணித்தவர் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. 2010இல் காலி மைதானத்தில் 800ஆவது ரெஸ்ற் விக்கெற்றை வீழ்த்தி அவர் விடைபெற்றதை நாம் அறிவோம். ஒருவர் மாற்றாது விட்டார், மற்றவர் மாற்றினார். இருவரும் முதலிற் சிறுவனைப் பார்த்தனர். நூலைப் பார்த்துச் சிறுவனை அளக்கவில்லை.

நூலை நாம் இகழவில்லை. 1952இல் எம்.சி.சி. கழகம் வெளியிட்ட பயிற்சி நூல் பல தலைமுறைகளின் அனுபவத் திரட்டு. எனினும் அது யாருடைய அனுபவம்? செப்பனிட்ட புற்றரையிலே, வெண்ணிற உடையுடன், நல்ல துடுப்பும் தோற்பந்தும் கொண்டு ஆடியோரின் அனுபவம். ஒழுங்கையிலும் கடற்கரை மணலிலும் ஆடுகின்றவன் தனது நிலத்துக்கேற்பத் தனது கையை வளைக்கின்றான். அவ்வளைவைப் பிழை எனச் சிவப்பு மையினாற் சுழிப்பவர் அவனது நிலத்தையும் சேர்த்தே சுழிக்கின்றார்.

சிவப்பு மையின் கொடுமை தமிழாசிரியராகிய நமக்குப் புதிதன்று. மாணவனொருவன் தன் தாயின் வாய்மொழியிற் கட்டுரை எழுதினால் அதனை நாம் எத்துணை விரைவாகச் 'செந்தமிழ்' ஆக்குகின்றோம்! முடிவிற் பிழையற்ற கட்டுரையொன்று கிடைக்கின்றது. எழுதியவனை அதிற் காண முடிவதில்லை.

சில ஆண்டுகளின் முன்னர் நமது பாடசாலை அணி நம் பொறுப்பில் இருந்தது. ஆள் இல்லாக் குறைக்கு நாம். அவ்வணியிலே, தோளை ஒருபுறம் சாய்த்து விநோதமாகப் பந்து வீசுகின்ற சிறுவன் ஒருவன் இருந்தான். பெரிய கல்லூரியொன்றுடன் போட்டி வரவிருந்தது. இரண்டு வாரங்கள் அவனது வீச்சை நாம் 'ஒழுங்கு' செய்தோம். போட்டிக்கு முதல்நாள் அவன் நம்மிடம் வந்து, "சேர், இப்ப பந்து எங்க விழுது எண்டே தெரியேல்லை" என்றான். மறுநாள் அவனை அணியில் நாம் சேர்க்கவில்லை. அதன்பின் அவன் மைதானத்துக்கு வரவுமில்லை.

உண்மையைச் சொல்வதாயின், அவனது வீச்சினால் அவனுக்கு யாதொரு தீங்கும் நேர்ந்திருக்கவில்லை. எதிரணியின் பயிற்றுநர் சிரிப்பாரே என்ற நாணமே நம்மைத் தூண்டியது. நாம் திருத்தியது அவனது குறையை அன்று.

இவ்வனுபவத்தைச் சாட்டாகக் கொண்டு கைகட்டி இருப்பதும் தவறே. இடுப்பு ஒரு திசையிலும் தோள் மற்றொரு திசையிலும் முறுகும் வேகப்பந்து வீச்சு, வளரும் சிறுவரின் கீழ்முதுகெலும்பிலே வெடிப்பை உண்டாக்கக் கூடும் என்பது மருத்துவர் கண்ட உண்மை. அத்தகையவனை 'இயல்பு' என்று போற்றி விட்டுவிடுபவர் சோம்பேறி. விக்கெற்றுக்காக விட்டுவிடுபவர் அதனினும் கீழானவர்.

நமது அச்சிறுவன் இன்று வளர்ந்தவன். அண்மையிற் சந்தையிலே கண்டபோது அன்புடனேயே பேசினான். பந்து பற்றி அவனும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. வாங்கிய மரக்கறிப் பையை நம் கையிலிருந்து எடுத்துச் சைக்கிளிற் கொழுவி விட்டான். அப்போதும் அவனது தோள் ஒருபுறம் சாய்ந்தே இருந்தது.