ஓபரம்மர்காவின் பொருத்தனை

ஒரு கலைத்தொழில் தனக்குச் சோறு போடும் ஊருக்கு எதைத் திருப்பித் தரவேண்டும் என்பது வழக்கமாக வணிக அறத்தைச் சேர்ந்த கேள்வியாகவே பேசப்படுகிறது. ஆனால் அத்தொழில் இறைவனுக்கு அளித்த வாக்கிலிருந்து பிறந்ததாக இருக்கும்போது, கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்பதே குழம்பிப்போய், கேள்வி சமயத்தின் எல்லைக்குள் வந்துவிடுகிறது. ஜெர்மனியின் தென்பகுதியில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்திலுள்ள ஓபரம்மர்காவ் என்ற சிற்றூர் இதற்குத் தக்க சான்று. முப்பதாண்டுப் போரின் நடுவே கொள்ளைநோய் ஊருக்குள் புகுந்தபோது, 1633இல் ஊரார் கூடி, நோய் நீங்கினால் பத்தாண்டுக்கு ஒருமுறை கிறிஸ்துவின் பாடுகளை நடித்துக் காட்டுவதாக நேர்ந்துகொண்டனர் என்றும், அதன்பின் அந்நோய்க்கு எவரும் பலியாகவில்லை என்றும் ஊர் மரபு கூறுகிறது. 1634இல் முதல்முறை நடிக்கப்பட்ட இந்நாடகம், தமிழ்க் கத்தோலிக்கர் பாஸ்கா நாடகம் என வழங்கும் வகையைச் சேர்ந்தது. 1680 முதல் பெரும்பாலும் பத்தாண்டின் தொடக்க ஆண்டுகளில் அது நடந்து வருகிறது.

இவ்வாறு இறைவனுக்குத் தரும் வாக்கை விவிலியத் தமிழ் பொருத்தனை என்கிறது, நாட்டு வழக்கோ நேர்த்திக்கடன் என்கிறது. கடன் என்ற சொல் திருப்பித் தரவேண்டியதையும் செய்தே ஆகவேண்டியதையும் ஒருங்கே குறிப்பதால், நேர்ந்தவர் செலுத்துவது கொடை ஆகாது என்ற எண்ணம் அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

அந்தக் கடன் 19ஆம் நூற்றாண்டில் ஒரு தொழிலாக வளர்ந்தது. தாமஸ் குக் போன்ற பயண முகவர்கள் வெளிநாட்டாரை அழைத்துவரத் தொடங்கியபின், ஏறத்தாழ 5,000 பேரே வாழும் ஊர் ஒரே பருவத்தில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பார்வையாளரைக் காணும் நிலை உருவாயிற்று. சுமார் 5 மணி நேரம் நீளும் நாடகத்தின் நடுவே விடப்படும் நெடிய உணவு இடைவேளையால் பக்தி வளர்கிறதோ இல்லையோ, உணவகங்கள் வளர்கின்றன. நாடகத்தைத் தனி முதலாளி எவரும் நடத்துவதில்லை. நடத்துவதும் வருவாயைப் பெறுவதும் ஊராட்சியே. ஆகவே நுழைவுச்சீட்டுப் பணம் ஊரின் பொதுச் செலவுகளுக்கே போய்ச் சேர்கிறது. மேடையேற விரும்புகிறவர் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது 20 ஆண்டுகள் வாழ்ந்திருக்க வேண்டும். நாடகத்துக்கு முந்திய ஆண்டின் சாம்பல் புதனிலிருந்து, அதாவது தவக்காலம் தொடங்கும் நாளிலிருந்து, அவர்கள் முடியும் தாடியும் வெட்டாமல் வளர்க்கிறார்கள்.

இறைவனுக்கு நேர்ந்ததிலிருந்து ஊர் பிழைப்பது முறையா என்ற ஐயம் இங்கே எழுவது இயல்பு. 13ஆம் நூற்றாண்டின் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், பொருத்தனையால் இறைவனுக்கு எந்த ஆதாயமும் இல்லை, ஆதாயம் நேர்ந்தவருக்கே என்று தமது ‘இறையியல் தொகுப்பு’ நூலில் வாதிடுகிறார். குறையற்றவனாகிய இறைவனுக்கு மனிதன் எதையும் சேர்த்துத் தரமுடியாது என்பதே அவர் தரும் காரணம். அவர் கருதியது ஆன்ம ஆதாயத்தையே எனினும், அவ்வாதத்தின்படி பலன் ஊருக்குத் திரும்புவது தன்னளவில் குற்றமாகாது. அவர் வைக்கும் மற்றொரு வரம்புதான் கடுமையானது: நேரப்படுவது நன்மையாக இருக்க வேண்டும். வெற்றி பெற்றுத் திரும்பினால் வீட்டு வாயிலில் எதிர்வருவதைப் பலியிடுவதாக நேர்ந்து, எதிர்வந்த தன் ஒரே மகளை இழந்த விவிலியப் பாத்திரமான யெப்தா, நேர்ந்ததில் அறிவிலியும் நிறைவேற்றியதில் பாவியும் ஆனான் என்ற பழைய தீர்ப்பை அவர் ஏற்றுக்கொள்கிறார். பிறருக்குக் கேடு விளைவிக்கும் பொருத்தனையை நிறைவேற்றுவது பக்தி ஆகாது என்பது இதிலிருந்து பெறப்படும்.

ஓபரம்மர்காவை அளக்கவேண்டிய கோல் இதுவே. நூற்றாண்டுக் கணக்கில் இந்நாடகம் யூதர்களை ஒட்டுமொத்தமாகக் கிறிஸ்துவைக் கொன்றவர்களாகக் காட்டியது. இயேசுவின் இரத்தப்பழி தங்கள் மேலும் தங்கள் பிள்ளைகள் மேலும் இருக்கட்டும் என்று கூட்டம் கூவும் மத்தேயு நற்செய்திக் காட்சி அதன் உச்சமாக நின்றது. நாடகத்தின் 300ஆம் ஆண்டையொட்டி 1934இல் நடந்த சிறப்புக் காட்சிகளைக் காண வந்த ஹிட்லர், யூதரின் ஆபத்தை இதைப்போல் விளக்கும் நாடகம் வேறில்லை என்ற கருத்தைப் பின்னர் 1942இல் வெளியிட்டார். ஊருக்கு வளத்தைத் தந்த அதே மேடை, ஊருக்கு வெளியே இருந்த ஒரு மக்களுக்கு எதிரான வெறுப்புக்குத் தீனி போட்டது. ஊராட்சியின் வரவுசெலவுக் கணக்கில் இந்தச் செலவுக்கு ஒரு பத்தி கிடையாது. தொழில் தன் சமுதாயத்துக்குத் திருப்பித் தருவதைப் போற்றும் பேச்சுகள் பெரும்பாலும் தடுமாறும் இடமும் இதுதான்: சமுதாயம் என்பதன் எல்லையை வகுப்பவர் பயன் பெறுபவராகவே இருக்கிறார்.

கிறிஸ்துவைக் கொன்ற பழியை யூதர் அனைவர் மீதும் சுமத்தக்கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிவித்தபின்னும், 1970 பருவத்தில் பழைய பிரதியே மேடையேறியது. யூத அமைப்புகள் புறக்கணிப்புக்கு அழைப்பு விடுத்தன. மாற்றம் பெருமளவில் வந்தது, 1990 முதல் இயக்குநராக இருக்கும் அவ்வூர்க்காரர் கிறிஸ்டியான் ஸ்டுக்லின் காலத்தில்தான். 2000இல் இரத்தப்பழிக் கூற்று நீக்கப்பட்டது. 2010இல் இயேசு தம் சீடரோடு எபிரேய மொழியில் யூதரின் மன்றாட்டை ஓதும் காட்சி சேர்ந்தது. பெருந்தொற்றால் 2020இலிருந்து 2022க்குத் தள்ளிப்போன பருவத்தில் யூதாசாக நடித்தவர்களில் ஒருவர் அவ்வூரின் இசுலாமிய இளைஞர். இதனால் பொருத்தனை மீறப்பட்டது என்று வருந்தியவர்களும் ஊரில் உண்டு. ஆனால் நேர்ந்தவர்கள் பாடுகளை நடிப்பதாகவே நேர்ந்தார்கள். குறித்த வசனம் எதையும் பேசுவதாக நேரவில்லை. இன்று வழங்கும் உரைப்பகுதியின் அடித்தளமே 19ஆம் நூற்றாண்டில் அவ்வூருடன் தொடர்புடைய குருமார் எழுதியது என்பதால், அவ்வருத்தத்துக்கு வரலாற்று வலு குறைவு.

இறுதியாக ஒரு முரண் எஞ்சியிருக்கிறது. இப்பிரதியால் பழிக்கப்பட்ட மக்களின் அறிஞர்கள் இப்போது அதைப் படித்துக் கருத்துரைக்க அழைக்கப்படுகிறார்கள். என்றாலும் அவர்களது கருத்தில் எதை ஏற்பது, எதை விடுவது என்பதைத் தீர்மானிப்பது, வருவாயைப் பெறும் அந்த ஊரேதான்.