கியோத்தோவில் கடைசி நாள்

மாலையில் விமானம், கான்சாய் விமான நிலையத்துக்கு ஹருகா ரயிலில் ஏறக்குறைய 80 நிமிடம். கையில் இருப்பது அரை நாள். 1994இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கியோத்தோ வட்டாரத்தின் 17 தலங்களில் விட்டுப்போனவற்றையெல்லாம் முடித்துவிடத்தான் மனம் துடிக்கும். அந்தத் துடிப்பையே கேள்வி கேட்கிறது, அவற்றுள் ஒன்றான ரியோஆன்ஜி. அந்த ஜென் கோயிலின் கல் தோட்டத்தில் 15 கற்கள்; திண்ணையில் எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றாவது மறைந்தே இருக்கும். நகர்ந்தால் மறைந்தது தெரியும், தெரிந்தது மறையும். ஒரு முற்றத்தையே முழுதாகப் பார்க்க முடியாத கண், எண்ணிக்கையைக் கூட்டி எந்த நிறைவை அடையும்?

மறுபடி வர வாய்ப்பில்லாதவர் நான்கு இடம் பார்த்தால் தவறா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, தொலைவும் செலவும் உண்மையானவை. ஆனால் திரும்பி வர முடியாது என்பதுதான் அவசரத்துக்கு எதிரான வலுவான காரணம். ஒரே முறை வாய்ப்பதைப் பேருந்து நேரம் பார்த்தபடி கழித்தால் அதுவும் கைநழுவும். காலையில் கதவு திறந்ததும் போய், கூட்டம் சேரும்வரை அந்தத் திண்ணையிலேயே இருக்கலாம்.