ஊடலும் மௌனமும்

திருவண்ணாமலையில் திருவூடல் தெரு என்றொரு தெரு உண்டு. தை மாதம் இரண்டாம் நாள், சுவாமிக்கும் அம்மனுக்கும் அத்தெருவில்தான் ஊடல் நிகழ்கிறது. அம்மன் சினந்து கோயிலுக்குத் திரும்பிவிட, இருவருக்கும் நடுவே சுந்தரர் தூது செல்கிறார். சுவாமி தனியே மலைவலம் போய்வந்த பிறகே பிணக்குத் தீர்கிறது. இது நம் அண்டை வீட்டாரின் வழிபாடு. நமக்கு அதில் பங்கில்லை. ஆயினும் கணவன் மனைவியின் பிணக்கு ஒரு தெருவின் பெயராகிப் பலரறிய நிற்கும் அவ்வூரிலும், அதே பிணக்கு நம் இல்லங்களுக்குள் நேர்ந்தால் அதைச் சொல்ல ஒரு சொல்கூட அகப்படுவதில்லை.

ஊடல் என்பது சில நாழிகையில் தணிவது. திருக்குறளின் இறுதி மூன்று அதிகாரங்களும் அதைப் பற்றியவையே. கடைசி அதிகாரத்திற்கு ஊடலுவகை என்றே பெயர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் அதுவன்று. இருபது, முப்பது ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த தம்பதியருள் ஒருவருக்குத் தாம்பத்திய விருப்பம் மாறாதிருக்க, மற்றவருக்கு அது குன்றிப்போகிறது. சண்டையில்லை; சச்சரவில்லை. சோறு வேளைக்கு வருகிறது. பிள்ளைகளின் நிக்காஹ் நடக்கிறது. இரவில் மட்டும் ஒருவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறார். இதில் குற்றவாளி யார்?

மதீனாவில் நடந்த ஒரு நிகழ்ச்சியை ஸஹீஹுல் புகாரி பதிவு செய்திருக்கிறது. ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்களையும் அபூதர்தா (ரலி) அவர்களையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சகோதரர்களாக இணைத்து வைத்திருந்தார்கள். ஒருநாள் ஸல்மான் அவ்வீட்டிற்குச் சென்றபோது, உம்முதர்தா (ரலி) அவர்கள் அலங்காரமேதுமின்றிப் பழைய உடையில் இருப்பதைக் கண்டார்கள். காரணம் கேட்டார்கள். உங்கள் சகோதரருக்கு இவ்வுலகில் தேவை எதுவுமில்லை என்று அந்த அம்மையார் பதில் சொன்னார்கள். அன்றிரவு அபூதர்தா தொழுகைக்கு எழுந்தபோது, ஸல்மான் தடுத்து உறங்கச் சொன்னார்கள்; மீண்டும் எழுந்தபோது மீண்டும் தடுத்தார்கள். இரவின் கடைசிப் பகுதியில்தான் இருவரும் எழுந்து தொழுதார்கள். இறைவனுக்கு உள்ள உரிமையைப் போலவே உம் உடலுக்கும் உம் மனைவிக்கும் உம்மீது உரிமை உண்டு என்று ஸல்மான் எடுத்துரைத்தார்கள். செய்தி நாயகத்திடம் சென்றது. ஸல்மான் சொன்னது உண்மை என்றார்கள் அண்ணலார்.

இந்நிகழ்ச்சியை நம் மேடைகளில் வணக்கத்தில் நடுநிலை என்ற தலைப்பில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறோம். சற்றே நின்று பார்க்க வேண்டும். அபூதர்தா தீயவரல்லர், வேறொருத்தியை நாடியவருமல்லர். அவரை மனைவியிடமிருந்து பிரித்தது இபாதத். அத்தகைய நன்மைகூட மனைவியின் உரிமையை மறைக்கலாகாது எனில், வியாபாரமும் களைப்பும் எம்மாத்திரம்? அதைவிட உம்முதர்தாவின் பதில் என்னை வியக்க வைக்கிறது. ஒரே வாக்கியம். அதில் ஆபாசமும் இல்லை, ஒளிவும் இல்லை. நாணம் வேறு, வாய் திறவாமை வேறு. மார்க்கத்தை அறிந்துகொள்வதற்கு வெட்கம் தடையாகாதிருந்த அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியதையும் இங்கே நினைக்கலாம்.

கணவன் அழைத்து மனைவி மறுத்தால் மலக்குகள் சபிப்பார்கள் என்ற ஹதீஸ் நம் பயான்களில் அடிக்கடி ஒலிக்கிறது. ஹதீஸ் ஆதாரமானதே, மறுப்பதற்கில்லை. ஆனால் அதை மட்டும் ஓதி நிறுத்துவது நீதியா? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவில் திருமண ஒழுக்கங்களை எழுதும்போது, கடமையைக் கணவன் பக்கமும் வைக்கிறார்கள். நான்கு இரவுகளுக்கு ஒருமுறை என்பதை ஓர் அளவாகச் சொல்லி, மனைவியின் தேவைக்கேற்ப அதைக் கூட்டியும் குறைத்தும் கொள்ள வேண்டும் என்கிறார்கள். தன் தேவை முடிந்ததும் விலகிவிடாமல் அவள் தேவை நிறைவேறும்வரை பொறுக்கச் சொல்கிறார்கள். முன்னதாக ஒரு தூதர் வேண்டும், அத்தூதர் முத்தமும் இன்சொல்லுமே என்ற அறிவிப்பையும் எடுத்தெழுதுகிறார்கள். அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்பர் ஹதீஸ் ஆய்வாளர். ஆயினும் கருத்தை எந்தக் கணவன் மறுப்பான்? தூதரே இல்லாமல் அழைப்பு மட்டும் வந்துகொண்டிருக்கும் வீட்டில், மறுப்பைப் பாவமென்று மட்டும் சொல்லித் தீர்த்துவிட முடியாது. வலியோடும் நோயோடும் இருப்பவளை வற்புறுத்துவது உரிமையுமன்று.

விருப்பம் குன்றுவதற்குப் பெரும்பாலும் உள்ளத்தில் வஞ்சம் காரணமன்று. சர்க்கரை நோய் ஆண்களின் நரம்பையும் இரத்தக் குழாயையும் தாக்கி ஆற்றலைக் குறைக்கிறது. இரத்த அழுத்த மருந்துகளிலும் மனச்சோர்வு மருந்துகளிலும் சில அவ்வாறே செய்கின்றன. மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு உடல் உலர்ந்து கூடல் வேதனையாகிவிடலாம். அவள் சொல்லாததால் வெறுப்பென்று கணவன் எண்ணிக்கொள்கிறான். இவற்றிற்கெல்லாம் முறையான மருத்துவம் உண்டு. ஆனால் நம் ஆடவர் அங்கே போகாமல், சுவரொட்டியைப் பார்த்து லாட்ஜில் அறையெடுத்து அமர்ந்திருக்கும் வைத்தியரிடம் லேகியம் வாங்கிவருகின்றனர். இன்னொன்றும் உண்டு, அதை எழுதச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஒரே அறையில் மாமியாரும் வளர்ந்த பிள்ளைகளும் படுத்திருக்கும் வீட்டில் எந்தப் பெண்ணுக்கு விருப்பம் பிறக்கும்? அவளுக்குத் தேவை மருந்தன்று. தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவு.

வளைகுடாவில் இரண்டாண்டுக்கு ஒருமுறை விடுமுறை பெறும் கணவன்மார் நம்மிடையே ஏராளம். கலீபா உமர் (ரலி) அவர்கள் இரவில் நகர்வலம் வந்தபோது, போருக்குச் சென்ற கணவனை எண்ணி ஒரு பெண் தனிமையில் வருந்திப் பாடியதைக் கேட்டார்கள். தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் ஒரு பெண் எவ்வளவு காலம் பொறுப்பாள் என்று கேட்டறிந்து, படைவீரரின் பிரிவுக்கு எல்லை வகுத்தார்கள். அது நான்கு மாதமா, ஆறு மாதமா என்பதில்தான் அறிவிப்புகள் வேறுபடுகின்றன. ஒரு பேரரசின் தலைவர் கேட்கத் தயங்காத கேள்வியை, விடுமுறைக்கு வரும் கணவன் தன் சொந்த மனைவியிடம் கேட்கத் தயங்குகிறான்.

எல்லாம் செய்தும் இருவரின் அளவு ஒன்றாகாமல் போகலாம். தக்க காரணமின்றி மூன்றாண்டுகள் தாம்பத்தியக் கடமையைச் செய்யாத கணவனிடமிருந்து விடுதலை கேட்க, 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமணக் கலைப்புச் சட்டம் மனைவிக்கு வழி வைத்திருக்கிறது, குலாவும் இருக்கிறது. அந்த வாசல்கள் வேண்டியவர்களுக்கு வேண்டும். பெரும்பாலோர் அங்கே போகமாட்டார்கள், போகவும் விரும்பமாட்டார்கள். அவர்களுக்கு எஞ்சியிருப்பது பொறுமை. ஆனால், என்னால் இயலவில்லை, உங்கள்மீது வெறுப்பில்லை என்று ஒருவர் சொல்லக் கேட்டு மற்றவர் ஏற்கும் பொறுமை ஒன்று. ஏனென்றே அறியாமல் ஆண்டுக்கணக்கில் சுமக்கும் பொறுமை இன்னொன்று. முன்னதில் கைகோத்து உறங்கலாம். பேரப்பிள்ளையைப் பற்றிப் பேசிக்கொண்டே உறங்கலாம். பின்னதில் அருகில் படுத்திருப்பதே தண்டனையாகிவிடுகிறது.

மறுநாள் உம்முதர்தா எந்த உடையை எடுத்து உடுத்தினார்கள் என்பதை அந்த ஹதீஸ் சொல்லவில்லை. அவர்களிடம் ஒருவர் கேட்டார் என்பதையும், அவர்கள் பதில் சொன்னார்கள் என்பதையும் சொல்கிறது.