பாட்டனார் விட்டுச் சென்ற கணக்கு

ஒரு வியாபாரியிடம் சரக்கிருப்பைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவான். பாக்கி எவ்வளவு என்றால் பேரேட்டைப் புரட்டிக் காட்டுவான். ஆனால், "உம்முடைய பாட்டனார் என்ன தொழில் செய்தார்? எப்படிச் சம்பாதித்தார்?" என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் விழிக்கிறோம், அல்லது கொஞ்சம் கூட்டிச் சொல்லி விடுகிறோம்.

நாமும் கூட்டிச் சொன்னவரே. நம் வாப்பாவின் வாப்பா, அதாவது நம் வழக்கப்படி 'அப்பா', கப்பலில் கேப்டனாக இருந்தார் என்று வீட்டில் சொல்லக் கேட்டோம். அதையே கடைக்கு வருவோரிடமும் பல்லாண்டு சொல்லி வந்தோம். ஒருநாள் பள்ளிக்கூடத்துப் பாடத்துக்காக நம் மகன், "எந்தக் கப்பல், வாப்பா?" என்று கேட்டான். நம்மிடம் பதில் இல்லை. கடைச் சாமானுக்கு ரசீது கேட்கும் நாம், குடும்பப் பெருமைக்கு ரசீது இல்லாமலே இத்தனை காலம் வியாபாரம் செய்திருக்கிறோம் என்று அன்று வெட்கப்பட்டோம்.

ஆகவே தேடத் தொடங்கினோம். மர்ஹூமான அப்பாவின் தகரப் பெட்டி நாகூரில் நம் குப்பியின் வீட்டுப் பரணில் இருந்தது. அதற்குள் எண்ணெய்த்துணியில் சுற்றிய கப்பல் புத்தகம் ஒன்று. கப்பலின் பெயர், ஏறிய துறை, இறங்கிய துறை, தேதி, வேலை, நடத்தை என்று பத்தி பத்தியாக இருந்தது. 1934-ல் கல்கத்தாவில் தொடங்கி 1946 வரை போகிறது. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் பெருவிரல் ரேகை. திறமைக்கும் நடத்தைக்கும் 'வெரி குட்', 'வெரி குட்' என்று முத்திரைகள். வேலை என்ற பத்தியில் மட்டும் கேப்டன் என்று எங்கும் இல்லை. 'பண்டாரி' என்றே இருந்தது.

பண்டாரி என்றால் கலாசிகளுக்குச் சோறாக்கும் சமையற்காரர். அக்காலத்து வெள்ளைக்காரக் கப்பல்களில் சாரங்கு, தண்டல், சுக்கானி, கலாசி என்று நம்மவர் கூட்டம் தனி. அவர்களுக்கு ஹலாலாகச் சமைக்கும் பண்டாரியும் தனி. புயலடித்தாலும் அடுப்பை அணைய விடாமல் அத்தனை பேருக்கும் வேளாவேளைக்குச் சோறு போட்ட மனிதர் அவர். இதில் மறைக்க என்ன இருந்தது? பிழைக்க வந்த ஊரில் வாப்பாவுக்கு அந்தச் சொல் தாழ்வாகப் பட்டிருக்கலாம். நமக்கோ, அரிசி பருப்பு நிறுத்துக் கொடுத்துப் பிழைக்கும் நமக்கு, கேப்டனைவிடப் பண்டாரியே நெருங்கிய உறவாகத் தோன்றினார்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் இதை எழுதியிரோம். அந்தப் புத்தகத்தின் நடுவே மடித்த காகிதம் ஒன்று இருந்தது. எழுத்து அறபுத்தமிழ். ஆங்கிலத்தில் கையெழுத்துப் போடத் தெரியாதவர் மத்ரஸாவில் படித்த எழுத்தில் கணக்கு எழுதி வைத்திருக்கிறார். மத்ரஸாவில் ஓதியதன் பயனாக நமக்கும் அதை வாசிக்க முடிந்தது. 1941-ம் வருடத்தில் ஆறு கப்பல்காரர்கள் தத்தம் வீடுகளில் சேர்க்கும்படி அவரிடம் கொடுத்த தொகைகள் அவை. ஐந்து பெயர்களுக்கு எதிரே 'சேர்ந்தது' என்று இருக்கிறது. ஆறாவது, பரங்கிப்பேட்டைக்காரர் ஒருவர், தம் உம்மாவிடம் கொடுக்கச் சொன்ன 85 ரூபாய். அதற்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை.

அந்த 85 ரூபாயை இன்றைய கண்ணால் பார்க்கக் கூடாது. கப்பலில் இடம் கிடைக்கவே துறைமுகத்துத் தரகருக்கும் சாரங்குக்கும் கையூட்டுக் கொடுத்து, கடனோடு கப்பலேறிய காலம் அது. 1922-லேயே இந்திய அரசாங்கம் அமைத்த குழு அந்த முறையை ஆராய்ந்து கண்டித்தும் அது எளிதில் ஒழியவில்லை. போர் தொடங்கிய 1939-ல் நம்மவர் சம்பளம் வெள்ளைக்கார மாலுமியின் சம்பளத்தில் நாலில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. அவ்வாண்டு வேலைநிறுத்தம் செய்து, பலர் சிறைக்கும் போன பிறகே சற்றுக் கூடிற்று. 85 ரூபாய் என்பது ஒரு மனிதன் மாதக்கணக்கில் கடலில் கிடந்து, வாயைக் கட்டிச் சேர்த்த பணம்.

அப்பா 1947-ல் சிங்கப்பூருக்கு வந்து சிறு கடை போட்டார். அந்தக் கடையின் கிளைதான் நம் கடை. இப்போது நம் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி யாதெனில்: அந்த முதலில் இந்த 85 ரூபாயும் இருந்ததா?

நம் காக்காவிடம் இதைச் சொன்னோம். "மவுத்தானவர்களின் குறையைக் கிளறாதே, நல்லதையே பேசு என்பதுதானே மார்க்கம்? பெட்டியை மூடி வை" என்றார். லேசாகத் தள்ளக்கூடிய வார்த்தை அல்ல அது. பிறர் குறையை மூடுவது கடமை. தகப்பன் பாட்டன் குறையை மூடுவது அதைவிடக் கடமை. பல நாள் அதையே பிடித்துக்கொண்டு ஆறுதலடைந்தோம்.

ஆயினும் யோசிக்க யோசிக்க, மூடத்தக்கது ஒன்று, மூடத்தகாதது வேறொன்று என்று தெளிந்தது. ஒருவர் கோபக்காரர், பொறுமையற்றவர் என்றால் அது அவருடைய குறை, மண்ணோடு போகட்டும். ஒருவரிடம் இருந்தது பிறருடைய பொருள் என்றால் அது குறை அல்ல, அமானத். அமானத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடினால் பாட்டனாரின் மானத்தையா காக்கிறோம்? நம் கல்லாவையே காக்கிறோம். நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் 622-ல் மக்காவை விட்டு ஹிஜ்ரத் புறப்பட்டபோது, தம்மிடம் மக்கள் ஒப்படைத்திருந்த பொருள்களை உரியவர்களிடம் சேர்க்கவே அலீ ரலியல்லாஹு அன்ஹு அவர்களைப் பின்னே விட்டுச் சென்றார்கள். உயிருக்கு ஆபத்தான இரவிலும் தவணை சொல்லப்படவில்லை. எண்பது வருஷம் கடந்துவிட்டது என்று நாம் எப்படித் தவணை சொல்வது?

அப்படியானால் அப்பாவைச் சந்தேகிக்கிறோமா? இல்லை. அவர் பணத்தைச் சேர்த்துவிட்டு எழுத மறந்திருக்கலாம். பரங்கிப்பேட்டைக்குப் போய்த் தேடி, அந்த உம்மாவைக் காணாமல் திரும்பியிருக்கலாம். ஐந்து பேருக்குச் சேர்த்தவர் ஆறாவதை விழுங்கினார் என்று நினைக்க நமக்கு மனமும் இல்லை, சாட்சியும் இல்லை. ஆகவே இரண்டையும் பிரித்துக்கொண்டோம். எண்ணத்தில் அவர் கொடுத்துவிட்டார் என்றே நம்புகிறோம். கணக்கில் கொடுபடவில்லை என்றே வைத்து நடக்கிறோம்.

உரியவரைத் தேடினோம். 1939 முதல் 1950 வரையிலான பிரிட்டிஷ் கப்பல் ஒப்பந்தப் பத்திரங்கள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அதற்கு முந்தியவற்றில் பெரும்பகுதி கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள். ஒரே பெயர் நாலு விதமாக வரும். அப்போரில் மாண்ட இந்தியக் கப்பல்காரர்கள் ஏறத்தாழ 6,000 பேர். அவர்களின் பெயர்களை லண்டன் கோபுரக் குன்றிலுள்ள கப்பல்காரர் நினைவுச் சின்னத்தில் காண முடியாது. பம்பாயிலும் சிட்டகாங்கிலும் வைத்திருக்கும் நினைவுப் புத்தகங்களில் இருக்கின்றன. அதில் நாம் தேடியவர் பெயரிலேயே பலர் இருந்தார்கள். பரங்கிப்பேட்டை என்று ஒருவருக்கும் இல்லை. அந்த ஊருக்கும் போய்ப் பெரியவர்களை விசாரித்தோம். பெயர் கேட்டதும் தலையசைத்தவர்கள் உண்டு. உறுதியாகச் சொன்னவர் இல்லை.

ஆலிம் ஒருவரிடம் கேட்டோம். "முடிந்தமட்டும் தேடிய பிறகும் உரியவர் கிடைக்காவிட்டால் அவர் பெயரால் சதக்கா செய்துவிடுங்கள். நாளை வாரிசு வந்து கேட்டால் அவருக்கும் கொடுக்க வேண்டும்" என்றார். தொகையை எப்படி மதிப்பிடுவது என்று நம் மனம் கணக்குப் போட்டது. குறைத்துக் கணக்கிட வழி தேடும் வியாபாரப் புத்தி எட்டிப் பார்த்ததையும் ஒளிக்க மாட்டோம். முடிவில், அன்று அந்தப் பணத்துக்கு எவ்வளவு தங்கம் வாங்கலாமோ, அதன் இன்றைய விலையைக் கடையிலிருந்து எடுத்துத் தனியே வைத்தோம். பேரேட்டில் அந்த ஆறாவது பெயருக்கு ஒரு பக்கம் திறந்திருக்கிறோம். ஒரு வருஷம் காத்திருப்போம். அதன் பிறகு பரங்கிப்பேட்டையிலேயே ஒரு ஏழை உம்மாவுக்குப் போய்ச் சேரும், இன்ஷா அல்லாஹ். அதன் பின்னும் அந்தப் பக்கத்தை முடித்துக் கோடு போடமாட்டோம்.

சகோதரர்களே, நம்மில் பலருடைய முன்னோர் கப்பலால் பிழைத்தவர்கள். 1926-ல் கட்டிய 'ரஜூலா'வில் மேல்தட்டுப் பிரயாணிகளாக வந்தவர்கள் சிலர். அத்தகைய கப்பல்களில் வேலை பார்த்தே வந்தவர்கள் சிலர். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு தகரப் பெட்டி இருக்கும். வாசிக்கத் தெரிந்தவர்கள் ஹயாத்தோடு இருக்கும்போதே அதைத் திறந்து பாருங்கள். பெருமை கிடைத்தால் அல்ஹம்துலில்லாஹ். பாக்கி கிடைத்தால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். கடையை வாரிசாக வாங்கிக்கொண்டு கடனை மட்டும் வேண்டாம் என்று சொல்வது எந்தக் கணக்கிலும் ஒவ்வாது.

உங்கள் குடும்பத்தில் பரங்கிப்பேட்டையிலிருந்து கல்கத்தா போய்க் கப்பலேறி, 1941-க்குப் பின் திரும்பி வராதவர் எவரேனும் இருந்தால், தயவுசெய்து சங்கத்தில் சொல்லுங்கள். நாம் வந்து காண்போம்.

நம் மகன் பாடத்தைத் திருத்தி எழுதிவிட்டான். 'என் வாப்பாவின் அப்பா கப்பலில் பண்டாரியாக இருந்தார்' என்பது முதல் வரி. இப்போது நம்மிடம் ரசீது இருக்கிறது.